ஐந்தாம் ஆண்டில்தான் கரையேறலாம்

சீனிமுகம்மது சேரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. பயந்திருக்கிறேன். அவரும் அதை மதிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

மருதமுனையில் எங்கள் பாடசாலைக்கும் சுற்றியிருந்த ஆறு பாடசாலைகளுக்கும் ஆரம்ப வகுப்புகளின் பாடத்திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எண்பத்திரண்டாம் ஆண்டு அவரிடம் வந்து சேர்ந்தது. எட்டாம் ஆண்டுக்குக் கீழே அவர் படிப்பித்ததே கிடையாது. மூக்கு ஒழுகும் பிள்ளையைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். கொழும்பில் இரண்டு கிழமைக் கருத்தரங்குக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு தோல் பையும் 'ஒருங்கிணைப்பு' என்ற ஒரு சொல்லும் கொண்டுவந்தார். பைக்குள் என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. சொல்லுக்குள் என்ன இருந்ததென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நான் முத்தலிப், சித்திர ஆசிரியர். கையெழுத்து எனக்கு அச்சடித்த மாதிரி வரும். அதனால் பத்து பிறிஸ்டல் போட் அட்டைகளை ஒட்டி, சுவர் நீளத்துக்கு அவருடைய திட்டத்தைக் கோடுபோட்டு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மேலிருந்து கீழே ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுகள். குறுக்கே தமிழ், கணக்கு, சூழல், இஸ்லாம், சித்திரம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பொருள், ஒரு நற்குணம். எல்லாப் பாடமும் எல்லா ஆண்டும் அந்த மாதம் அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்.

மே மாதத்துக்கு மீன். முதலாம் ஆண்டுக்குத் தலை, இரண்டாம் ஆண்டுக்குப் பூ என்கிற செவுள், மூன்றாம் ஆண்டுக்குச் செட்டை, நான்காம் ஆண்டுக்கு வயிறு, ஐந்தாம் ஆண்டுக்கு வால். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்க வேண்டுமாம். மூன்று வயதில் சூடை மீனை முள் எடுத்துத் தின்கிற பிள்ளை, வாலைப் பற்றி அறிய ஐந்தாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இஸ்லாம் பாடத்துக்கு மீனோடு பொருந்துவது யூனுஸ் நபியின் வரலாறு. அதையும் விடவில்லை மனிதர். முதலாம் ஆண்டில் நபியவர்கள் கப்பல் ஏறுவார்கள், இரண்டாம் ஆண்டில் கடலில் விழுவார்கள், மூன்றாம் ஆண்டில் மீன் விழுங்கும், நான்காம் ஆண்டில் முழுக்க வயிற்றுக்குள் துஆ, ஐந்தாம் ஆண்டில்தான் கரையேற்றம். மூன்றாம் ஆண்டோடு நிற்கிற பிள்ளைக்கு யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் இன்னும் மீனுக்குள்தான் இருப்பார்கள். இதை ஆசிரியர் அறையில் சொல்லி நான் சிரித்தேன். அவருக்கு முன்னால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

துணிவு ஜெமீலா டீச்சருக்கு இருந்தது. அவ மூன்றாம் ஆண்டுக்குப் பொறுப்பு. எங்கள் ஊரில் கொஞ்சம் கைகால் வளர்ந்ததும் பெண்பிள்ளையைத் தறிக்கு நூல் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வருடங்களில் உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்ததால், வீட்டைப் பார்க்கவும் அந்தப் பிள்ளைகள்தான். திட்டத்தை விளக்கும் கூட்டத்தில் அவ எழும்பினா.

"சேர், என்ட வகுப்புல இருவத்தெட்டுப் பொம்புளப் புள்ளைகள். நாலாம் ஆண்டுக்கு எத்தின பேர் வருவாங்கண்டு எனக்கே தெரியா. கடிதம் எழுதுறத அஞ்சாம் ஆண்டுல போட்டிருக்கீங்க. அத மூணாம் ஆண்டுக்கு இறக்கித் தாங்க. பதினொரு புள்ளைட உம்மா வெளிநாட்டுல இருக்கா."

சேர் திட்டம் தொங்கிய சுவரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் அவர் எப்போதும் சுவரைத்தான் பார்ப்பார்.

"ஒரு பெட்டிய இறக்கினா முழுத் திட்டமும் சரிஞ்சிரும் டீச்சர்" என்றார்.

ஜெமீலா டீச்சர் வாயை மூடிக்கொண்டு காரியத்தைச் செய்தா. மே மாதம் முழுவதும் பாடக்குறிப்பில் 'மீனின் செட்டை' என்று எழுதிவிட்டு வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கினா. முதலில் பிடித்துக்கொண்டவள் ஸைனம்பு என்ற எட்டு வயதுப் பிள்ளை. அவளுக்கு அவசரம் இருந்தது. குவைத்தில் இருந்த அவளுடைய உம்மாவுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடம் நிற்கவா, வரவா, நோன்புக்கு முன் பதில் சொல்லுங்கள் என்று உம்மா எழுதியிருந்தா. வாப்பா யாரையோ பிடித்து 'நில்' என்று எழுதுவித்துவிட்டார். ஸைனம்பு தன் கையால் ஒரு கடிதம் எழுதினாள். பிழைகள் நிறைந்த அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'உம்மா வாப்பா நிக்கச் சொல்லி எழுதி இருக்கார் நீங்க கேக்காதிங்க தம்பி உங்கட மூஞ்சிய மறந்திட்டான் எனக்கு ஓடு போட்ட ஊடு வேணாம் நீங்க வாங்க'

அதைத் தபாலில் போட இருந்த நாளில்தான் சீனிமுகம்மது சேர் பரிசோதனைக்கு வந்தார். மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து வாசித்தார். அவர் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் பூரித்துப் போனார். ஐந்தாம் ஆண்டுத் தேர்ச்சி மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிட்டதாம், எல்லாம் ஒருங்கிணைப்பின் பலனாம். ஜூன் முதல் கிழமை கல்விக் கண்காட்சியில் இதை வைத்துவிட்டு, தானே தன் செலவில் குவைத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி, முகவரியையும் வாங்கிக்கொண்டு போனார். நோன்புக்கு இன்னும் நாள் இருந்தது. ஜெமீலா டீச்சர் நம்பினா.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதம் சிவப்பு மையில் குளித்து என்னிடம் வந்தது. வாப்பாவை மீறச் சொல்வது ஒழுக்கமில்லை என்று நடுப்பகுதியை முழுக்க வெட்டியிருந்தார். ஜூன் மாத நற்குணம் பொறுமை என்பதால் முடிவையும் அவரே எழுதியிருந்தார்: 'அன்புள்ள உம்மா, நாங்கள் யாவரும் நலம். தாங்கள் அங்கேயே தங்கி நன்றாக உழைத்து வாருங்கள். நாங்கள் பொறுமையோடு காத்திருப்போம்.' இதைச் சின்னப்பிள்ளை எழுதிய மாதிரிக் கொஞ்சம் உருட்டி எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன்.

கண்காட்சியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஸைனம்புவின் கடிதத்துக்கு மேலே 'பயிற்சிக்கு முன்', என்னுடையதற்கு மேலே 'பயிற்சிக்குப் பின்'. கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி சேரின் தோளில் தட்டினார். எந்தக் கடிதம் தபாலுக்குப் போகும் என்று கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த கிழமை, ஸைனம்பு உம்மாவின் பதிலைக் கொண்டுவந்தாள். வேறு யாரும் வாசிக்க விடாமல் தானே எழுத்துக் கூட்டி ஜெமீலா டீச்சருக்கு வாசித்துக் காட்டினாள். வரவுப் பதிவேடு வாங்க நானும் அப்போது அந்த வகுப்புக்குப் போயிருந்தேன்.

"என்ட தங்க மகள், உங்கட கையால எழுதின கடிதம் கிடைச்சிது. வாப்பா சொன்னதுக்கு நான் சம்மதிக்கல்ல, வாறண்டுதான் இருந்தன். நீங்களும் நிக்கச் சொல்லி எழுதினத்துக்குப் பொறகு இன்னம் ரெண்டு வருசத்துக்கு ஒப்பம் வெச்சிட்டன்."

ஸைனம்பு அந்த வரிக்கு விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தாள்.

"நான் அப்பிடி எழுதல்லியே டீச்சர்" என்றாள்.

ஜெமீலா டீச்சர் என்னைப் பார்த்தா. கண்காட்சியில் அவவும் இரண்டு கடிதங்களையும் பார்த்திருந்தா. அந்த உருட்டெழுத்து யாருடையது என்று அவவுக்குத் தெரியும்.

அடுத்த ஜனவரியில் நான்காம் ஆண்டுக்கு ஸைனம்பு வரவில்லை. மாமியின் தறி வீட்டில் நூல் சுற்றுகிறாள் என்றார்கள். சேர் அதற்குள் பதவி உயர்ந்து கல்விக் கந்தோருக்கு அதிகாரியாகப் போயிருந்தார். 'நீங்களாவது போய்க் கேளுங்க' என்று ஜெமீலா டீச்சர் ஒரே வரியில் சொல்லிவிட்டா. நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று சைக்கிளை மிதித்துப் போனேன். வழியெல்லாம் வசனம் தயாராக இருந்தது.

அவருடைய கதிரைக்குப் பின்னால் என் கோடுகள் சுவர் முழுக்கத் தொங்கின. நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதியது ஒன்று, நீங்கள் அனுப்பியது இன்னொன்று, தாய் வராமல் நின்றுவிட்டா, பிள்ளை படிப்பை விட்டுவிட்டாள் என்றேன். அவர் தோல் பையைத் திறந்து எதையோ தேடினார், பிறகு மூடினார்.

"அதுக்கென்ன முத்தலிப்" என்றார். "நாம அனுப்பின கடிதத்துல பிழை ஒண்டும் இல்லத்தானே?"

"இல்ல சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.