நெய்யும் ஒரு வாய் பஞ்சாமிர்தமும்

அப்பாவின் இதயத்துக்கு எண்ணெய்தான் எமன் என்று நம்பி, எங்கள் வீட்டில் தாளிப்பதையே நிறுத்தியிருந்தோம். அப்படியிருக்க, கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுப்பதற்கு முந்தின நாள் அம்மா நெய்யில் முட்டை பொரித்தபோது நான் அடுப்புப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

அப்பா எங்கள் ஊரான மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். இதயத் தசையில் எங்கோ வீக்கம் இருக்கலாம், ஸ்கேனில் தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும் என்றார்கள். அதற்கொரு பத்தியம் வேறு. முந்தின நாள் சோறு கூடாது, சர்க்கரை கூடாது. கறி, முட்டை, நெய் மட்டும். அப்புறம் ஸ்கேன் முடியும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது.

உலகத்தில் எந்தப் பத்தியத்திலாவது நெய் உண்டா? எனக்குப் பத்து வயது. கவலைப்படுவதில் மட்டும் அறுபது.

"டாக்டர் நெய்யுன்னுதான் சொன்னாராம்மா?"

"ஆமா கண்ணு, அதையே கேட்டுட்டு இருக்காத" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அவளும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். அப்பா சாப்பிடச் சாப்பிட, உள்ளே எங்கே அடைக்கப்போகிறதோ என்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி ஓனர் கார் அனுப்பினார். முன் சீட்டில் அப்பா. பின்னால் அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. தம்பிக்காகப் பழனிக்கு நடந்தே போய்விட்டு முந்தின நாள்தான் அத்தை திரும்பியிருந்தாள். கால் முழுக்கக் கொப்புளம். அவிநாசி தாண்டியதும் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அத்தை மடியிலிருந்த பிரசாத டப்பாவை மெதுவாகத் திறந்து, பஞ்சாமிர்தத்தை விரலில் எடுத்து முன்னால் நீட்டினாள்.

"வேண்டாங்க அக்கா, எதும் திங்கக் கூடாதுன்னாங்க."

"பிரசாதம் திங்கறதுல சேருமா சாமி? ஒரே வாய்."

அப்பா திரும்பி அத்தையின் காலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு நெய்க்கு இதாவது மாற்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் முடிந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "இதயம் பூரா பளிச்சுன்னு தெரியுது. எது நோவுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. இனிப்பு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

அத்தைக்கு முகம் வெளுத்துப்போனது.

"டீ குடிச்சுப் போட்டனுங்க" என்றார் அப்பா.

திரும்பும் வழியெல்லாம் அம்மா அந்த டீயைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு நாளைக்கு டீ இல்லாம இருக்க முடியலீங்களா?" அத்தை டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மறுபடியும் ஒரு முறை நெய், கறி, பட்டினி எல்லாம் நடந்தது. அந்த முறை வீக்கம் தெரிந்தது. மருந்தில் அப்பா தேறினார்.

இதயத் தசையின் செல்கள் இரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலங்களைத்தான் விரும்பி இழுத்துக்கொள்கின்றன என்று பிற்பாடு கல்லூரியில் படித்தேன். கொழுப்பு கிடைக்கும்போது, ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் சர்க்கரையை நல்ல செல்கள் சீண்டுவதில்லை. வீங்கிய இடம் மட்டும் அதை எடுத்துக்கொண்டு பளிச்சிடும். பஞ்சாமிர்தம் உள்ளே போனதும் நல்ல செல்களும் சர்க்கரைக்குக் கட்சி மாறிவிட்டன.

நெய் விவகாரம் அப்படி ஒருவழியாகப் புரிந்தது. இன்னொன்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து அப்பாவை விட்டு நகராத அம்மா, அந்த டீயை எங்கே குடித்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.