காரம் போகாத சோப்பு

அக்காவை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த சம்பந்தம் கலைந்து போனதற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அக்கா தனுவச்சபுரம் காலேஜில் பிரீடிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று அப்பா தீர்மானித்துவிட்டார். கெமிஸ்ட்ரி எடுத்து மேலே படிக்க வேண்டும் என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள், முற்றத்தில் நடப்பாள், அலசிக் காயப்போட்ட துணியை மறுபடி எடுத்து அலசுவாள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவின் தேங்காயெண்ணெயில் அரைக் குப்பியை எடுத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மரக்கம்பால் கிளறினாள். எண்ணெயில் உள்ள அமிலமும் சோடாவில் உள்ள காரமும் சேர்ந்தால் சோப்பு என்றாள். கலவை கஞ்சிபோலக் கெட்டியானதும் ஒரு பழைய டப்பாவில் ஊற்றினாள். மறுநாள் அது வெள்ளைக் கட்டியாக இருந்தது. ஆசையாகத் தொடப் போனேன்.

"தொடாதட்டி! பச்சையாக்கும். காரம் போக ஒரு மாசம் ஆவும். இப்ப தேச்சா கை வெந்துபோவும்."

அதற்கு அடுத்த ஞாயிறு பூவார் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால், பட்டுச்சேலையில் வியர்த்து நின்ற அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"மக்கா, அந்தச் சோப்ப எடுத்து கெணத்தடியில வை. எலையில எடுத்துக்கோ, கையில படாண்டாம்."

ஒரு மாசம் ஆகவில்லையே என்று கேட்க நினைத்தேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தத்தில் மறந்துபோனது. வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

நேந்திரங்காய் உப்பேரி தின்ற கையைக் கழுவ மாப்பிள்ளையின் அம்மா கிணற்றடிக்குப் போனார். எண்ணெய்ப் பிசுக்குப் போக நன்றாகவே தேய்த்திருக்க வேண்டும்.

"அய்யோ! என்னத்த சோப்பு வெச்சிருக்கிய? கை எரியுதே!"

எல்லோருக்கும் முந்தி அக்கா ஓடினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சின்னக் குப்பியைத் திறந்து வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "காரத்த அமிலம் அடக்கும் மாமி. இப்ப கொறையும், பாருங்க" என்றாள். எங்கள் வீட்டில் வினிகர் வாங்குகிற வழக்கமே கிடையாது.

அவர்கள் போனதும் அப்பா கத்தினார். "ஆருட்டி அந்த எழவ அங்க வெச்சது?"

அக்கா சொன்னாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நானாக்கும்" என்றேன். முதுகில் இரண்டு விழுந்தது.

புதன்கிழமை, இந்தச் சம்பந்தம் சரிவராது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அக்கா அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "அந்த மாமிக்க கை இப்ப சரியாயிருக்குமோ மக்கா?" என்று என்னிடம் நாலு தடவை கேட்டாள். நல்ல மாப்பிள்ளை கைவிட்டுப் போன துக்கத்தில் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கவலப்படாதக்கா. வேற மாப்பிள சீக்கிரமே வருவாரு" என்று ஆறுதல் சொன்னேன்.

அக்கா கையை உருவிக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.