ஆற்றில் நிறுத்திய கதை

தாவரவியல் படித்தபோது கற்ற லத்தீனை, ஏழு வயது மகளுக்கு வீட்டிலேயே கதைகளாகச் சொல்லித் தருகிறேன். சொற்கள் மனதில் நிற்க, கேட்ட கதையை அவள் நடித்துக் காட்ட வேண்டும். அன்று ஆற்றைக் குறிக்கும் 'ஃப்ளூவியுஸ்' என்ற சொல்லுக்காக, குழந்தையைக் கூடையில் வைத்து ஆற்றில் விடும் கதை. ஆர்வம் இருக்கட்டுமே என்று பாதியில் நிறுத்திவிட்டுச் சமைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அவளைக் காணோம். தொட்டிலில் மூன்று மாத மகனும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியிலேயே காவிரி. பதறிக்கொண்டு படித்துறைக்கு ஓடினேன். ஓர் ஆட்டோக்காரர் மகனைத் தோளில் போட்டிருந்தார்.

"கூடையோட தண்ணியில விடணும்னு நின்னுச்சுங்க உங்க பொண்ணு. நான்தான் வாங்கிக்கிட்டேன்."

வெறுங்கூடையுடன் நின்ற மகள், "அப்புறம் என்ன ஆச்சுன்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றாள்.

இப்போதெல்லாம் அடுப்பில் எது தீய்ந்தாலும், கதையில் வரும் குழந்தையைக் கரையேற்றாமல் நான் எழுந்திருப்பதில்லை.