வெங்காய மூட்டையில் ஒரு மயில்

வெங்காயப் பேட்டையில் வேலை பார்க்கிறவள் அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வசதிக்காகவே சண்டை நடந்த நாட்களில் நான் லீவே போடவில்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சப்ளை லாரி ஓட்டுகிறார். எல்லையில் சண்டை என்றதும் அவர் போன் அணைந்துவிட்டது. புருஷனை அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சின்னதா, பெருசா?

பட்டாளத்துக்கு அவசரமாக வெங்காயம் வேண்டும் என்று சப்ளை ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தமிழ் ஆள்தான். எங்கள் முதலாளி பெருமையாகச் சின்ன வெங்காயத்தை அள்ளிக் காட்டினார். ஆபீசர் ஒன்றை எடுத்து உரித்தார், உரித்தார், உரித்துக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் தண்ணி.

"ஏங்க, என் பசங்க துப்பாக்கியப் பிடிக்கவா, இதை உரிக்கவா? பெருசாப் போடுங்க!"

கேட்காத கேள்வி

ஆபீசர் தினமும் வந்தார். 'எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார் சார்' என்று கேட்டுவிட மனசு அடித்துக்கொண்டது. மூட்டைக்குப் பின்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கிட்டே வந்து "என்னம்மா?" என்றதும், "டீ குடிக்கிறீங்களா சார்?" என்றேன். மறுநாளும் அதேதான். கூட வேலை பார்க்கும் செல்வியக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, புருஷனை விசாரிடின்னா, அந்த மனுசனுக்கு டீயா ஊத்திக் கொன்னுருவ போல!"

சணல் தீர்ந்துபோச்சு!

கடைசி லோடு. லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆபீசர் கையைத் தட்டி அவசரப்படுத்துகிறார். மூட்டை வாய் கட்டச் சணல் இல்லை! கூடவே தூக்கி வரும் பிள்ளைக்கு விரிக்க வைத்திருந்த என் பழைய நைட்டிதான் கையில் கிடைத்தது. ரோஸ் கலர், மயில் படம். முன்னே லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. டர்ரென்று கிழித்துக் கட்டினேன்.

ஆபீசர் சிரித்தார். "இவ்வளவு அழகான மூட்டை பட்டாளத்துக்கு வந்ததே இல்லம்மா!"

தெரியாத நம்பர்

ஒரு வாரம் கழித்து ஒரு ராத்திரி, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஏ புள்ள, நான்தான்! ஆபீசர் போன்ல இருந்து பேசுறேன்!"

எல்லைக்குப் பக்கத்து டிப்போவில் லோடு இறக்கும்போது மூட்டை வாயில் மயிலைப் பார்த்த என் வீட்டுக்காரர் 'இது என் பொண்டாட்டி நைட்டி' என்று கத்திவிட்டாராம். லோடு கூடவே வந்திருந்த ஆபீசர் விஷயத்தைக் கேட்டுத் தன் போனையே நீட்டிவிட்டாராம். நான் அழுகிறேன், சிரிக்கிறேன், பிள்ளை சோற்றை வாரித் தலையில் போட்டுக்கொள்கிறது. அந்தப் பக்கம் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம்.

"கேம்ப்பே உன் நைட்டியப் பாத்துருச்சுடி! மொதல்ல உன் முதலாளிய சணல் வாங்கி வைக்கச் சொல்லு!"

மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றவள், கடைசியில் அந்த மூட்டையோடவே எல்லை வரைக்கும் போய் என் ஆளை விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.