காட்டூரிலிருந்து பாதி வழி

போன வியாழக்கிழமை காலை எஸ்தர் டீச்சரின் அண்ணன் மகள் போனில் கூப்பிட்டு, “அத்தை போயிட்டாங்க டீச்சர்” என்றாள். “அடிப்பாவி, என்னடி சொல்றே?” என்று கத்திவிட்டேன். துக்கம் சொல்ல வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

உங்களில் பலருக்கு எஸ்தர் கணக்கு டீச்சர். பொன்னேரிப் பள்ளியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, ஒரே வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்கு ஆசிரியைகள் சிலர் படகில் உல்லாசப் பயணம் கிளம்பினோம். காட்டூரில் ஏறி, கால்வாய் வழியே பழவேற்காடு ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. உப்பும் விறகும் ஏற்றுகிற படகைக் கழுவிக் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். காற்றில்லாவிட்டால் கரையில் இரண்டு பேர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அன்று இலைகூட அசையவில்லை.

பாதி வழியில் எஸ்தர், “போதும், திரும்பிடலாம். தலை வலிக்குது” என்றாள். எனக்கு எரிச்சல்.

“புளிசாதம் கட்டிக்கினு வந்தது கால்வாய்ச் சேத்தைப் பாக்கவா? ஏரி வரைக்கும் இழுக்கச் சொல்லுங்க” என்றேன்.

தலைமையாசிரியை கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் ஏரிக்குத்தான் உயர்ந்தது. எஸ்தர் மட்டும் அழுதுவிடுவாள் போலிருந்தாள். கடைசியில் தலைமையாசிரியை மனமிரங்கிப் படகைத் திருப்பச் சொன்னார்.

கயிறு தளர்ந்தது. முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி எஸ்தரைப் பார்த்தார். “இன்னா டீச்சர், பாதியில திரும்பினா பாதிக் கூலிதான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஏரிக் காத்து பட்டா தலைவலி பூடும்.”

எஸ்தர், “அண்ணா” என்றாள்.

பிறகு எங்களிடம், “எங்க அண்ணன். காட்டூர்ல ஏறும்போதே பார்த்துட்டேன்” என்றாள். அவரும் பார்த்திருக்கிறார். தங்கைக்குத் தலைகுனிவு வேண்டாமென்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, திரும்பாமலே இழுத்திருக்கிறார்.

எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. புளிசாதத் தூக்கைப் பார்த்தோம். அவர்தான் சிரித்தார். “இன்னாத்துக்கு எழவு ஊடு மாதிரி குந்திக்கினு கீறீங்கோ? டீச்சரோட அண்ணன் இழுத்தா படகு போவாதா?” என்று ஏரிப் பக்கமே திரும்பிக் கயிற்றை மறுபடி தோளில் போட்டார்.

எஸ்தர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஏரி வரை அண்ணனோடு பேசிக்கொண்டே நடந்தாள். நானும் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினேன். சேற்றைப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். வெட்கங்கெட்டவள், அந்தப் புளிசாதத்தையும் தின்றேன்.

அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் எந்த ஊருக்குப் போகலாம் என்று பேச்சு வந்தாலும் எஸ்தர் தூரத்தைக் கேட்க மாட்டாள். “யாரு இழுக்கறது?” என்பாள். எழுபதுகளில் பஸ் பிடித்துப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போனபோதும் கேட்டாள். “பஸ்ஸை யாருடி இழுப்பா?” என்று சிரித்தோம். ஆனாலும் டிரைவருக்கு ஒரு பொட்டலம் சேர்த்துக் கட்டினோம்.

ஒரு நாள் மனசு கேட்காமல், “அன்னிக்கு நானும் எறங்கியிருக்கணும் எஸ்தர்” என்றேன்.

“உனக்கு இன்னாடி வந்துச்சு? உன் அண்ணனா அவரு? காட்டூர்லருந்து பாதி வழி நான் குந்திக்கினு வந்தேனே, அதுக்கு இன்னா சொல்றே?”

கேட்டுவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடக்கத்தன்று பெட்டி வைத்த வண்டியை அண்ணன் மகளும் சொந்தக்காரர்களும் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். “வெயிலா கீது டீச்சர், கார்ல ஏறுங்க” என்றாள் அந்தப் பெண். கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில்தான். முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறிவிட்டேன். முன்கண்ணாடி முழுக்க வண்டி தள்ளுகிறவர்களின் முதுகுகள். யாரு இழுக்கறது என்று எஸ்தர் கேட்பது போலவே இருந்தது.

“நிறுத்துப்பா” என்று இறங்கி, நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஒரு கை வைத்தேன். அதற்குள் பாதித் தெரு முடிந்திருந்தது. எனக்கும் ஒரு பாதி வழி ஆகிவிட்டது, எஸ்தர்.