நான் தொடாமல் விட்ட முட்டைகள்

வீட்டுக்காரர் இறந்த வருஷம், வன்னியம்பட்டித் தோட்டத்தில் ஆறு கூஸ் வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்தேன். அவ்வளவு பெரிய முட்டையைக் கோழியால் புரட்ட முடியாது. தினமும் நான்தான் புரட்டிவிடுவேன்.

அதைப் பார்த்த மூத்த நாத்தனார், "ஏட்டி, தாலியறுத்த கை பட்டா குஞ்சு பொரிக்குமா? தள்ளி நில்லு" என்றாள். எனக்கு எதிர்த்துப் பேச வராது. அன்றிலிருந்து நான் முட்டையைத் தொடவில்லை. வேறு யாரும் புரட்டவும் இல்லை.

நாள் கடந்தும் ஒன்றும் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால், குஞ்சுகள் ஓட்டோடு ஒட்டிச் செத்துக் கிடந்தன.

"அப்பவே சொன்னேன்லா, உன் கைராசி அப்படி" என்றாள்.

"என் கை படாமத்தான் செத்துச்சு மதினி" என்றேன்.

அவளை விடுங்கள். புரட்டாவிட்டால் செத்துவிடும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்த என்னை நினைத்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.