பாலன் அண்ணனின் பிராக்கெட்டுகள்

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில், நம் பழைய காப்பீட்டு அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் யாரோ அனுப்பிய முட்டிவலி மருந்துக்கும் நடுவில் ஒரு வரி: கிள்ளான் தனபாலன் நேற்று காலமானார். நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவருக்கே இரங்கல் தெரிவித்த குழு நம்முடையது. அவர் மகளுக்கு அழைத்தேன். "மத்தியானம் சாப்ட்டுட்டு நாற்காலியில ஒக்காந்தாரு அங்கிள். அம்மா தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு," என்றாள். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு வேறு வைத்தார்.

உங்களில் பலருக்கு அவர் இழப்பீட்டுப் பிரிவு பாலன். மோதி நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, சேதம் என்ன என்று எழுதி வருவது அவர் வேலை. அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தட்டச்சு செய்வது என் வேலை. ஒருநாள் லோரிக்காரர் ஒருவர் முகப்பில் நின்று மேசையைத் தட்டிக் கத்தினார். அவர் வண்டி நசுங்கி வாரக்கணக்காகியும் காசு வரவில்லையாம். பாலன் அண்ணன் எழுந்து போய், "வண்டி கெடக்கட்டும் பாஸ், உள்ள யாரு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்தது அவர் மகன். கால் முறிந்து படுத்திருந்தான். அதுவரை நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

உடைந்த வண்டிகளையே பார்த்துக் காலம் கழித்தவருக்கு, ஓய்வு பெற்றதும் முழு வண்டி ஒன்றைத் தானே செய்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கிள்ளான் வீட்டு முன்வாசலில் இரும்புக் குழாய்களை ஒட்டி, இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். சொந்தக் கார் தெருவில் வெயிலில் நின்றது, செய்கிற கார் நிழலில் சொகுசாக நின்றது. நான் சுங்கை வேயிலிருந்து வாரக்கடைசியில் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுத்த ஸ்பானர் எப்போதும் தவறாகத்தான் இருக்கும். "சேகரு, நீ காட்டினதுதான் சரின்னு நெனச்சு நானே போல்ட்ட மாத்திக்கிறேன்லா," என்பார். இப்படிக் கேலி செய்துகொண்டே ஒருவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவருக்குத்தான் தெரியும்.

அவர் மனைவி கமலா அண்ணி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார், முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடக்கும் வரை. அதற்குப் பிறகு அண்ணிக்கு வண்டி என்றாலே பயம். வேகத்தடையில் டாக்சி ஏறி இறங்கினால்கூடக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மருத்துவமனை தவிர எங்கேயும் போகாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டார். தான் செய்கிற காரில் ஏறச் சொல்லி அண்ணன் ஓயாமல் கெஞ்சியதில் ஒருநாள் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஒரே ஒரு தடவ ஒக்காருறேன். என் முதுகு வலிச்சுச்சுன்னா, மறுநாளே பெசி புரோக் லோரியக் கூப்புட்டு மொத்தத்தையும் ஏத்திருவேன்." பழைய இரும்புக்குப் போய்விடும் என்பது வெறும் மிரட்டல் இல்லை. அண்ணி சொன்னால் செய்வார். அண்ணனுக்குக் கார் போவதைவிட, அண்ணி இனி வெளியே வரவே மாட்டார் என்பதுதான் பயமாக இருந்தது.

வண்டியின் முன்பக்கத்தை ஒரு பழைய காரிலிருந்து அப்படியே எடுத்துப் பொருத்திவிட்டார். பின்பக்க அப்சார்பர்களைத் தாங்கும் பிராக்கெட்டுகளைத்தான் அவரே செய்ய வேண்டியிருந்தது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அந்த ஸ்பிரிங் குழாயைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் இரும்புத் துண்டு அது. எந்த உயரத்தில் ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டி காலியாக இருக்கும்போது ஒட்டிவிட்டால், ஆள் ஏறியதும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி முட்டி நிற்கும். அதனால் பாரம் வைத்து அளக்க வேண்டும். அண்ணன் தம் இருக்கையில் அரிசி மூட்டைகளை அடுக்கினார், அண்ணியின் இருக்கையிலும் அடுக்கினார். அண்ணியின் எடை தெரியுமா என்று கேட்டேன். "பொம்பளைங்ககிட்ட அதப் போயி கேக்கறதா? சும்மா இருலா," என்று முறைத்துவிட்டு, மரியாதையாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அந்த மரியாதையில்தான் தவறு நடந்தது.

அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்காது. செமினியில் என் மைத்துனருக்கு ஒரு பழத்தோட்டம் இருக்கிறது, உள்ளே செம்மண் பாதை. லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். அண்ணி தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. டுரியான் மரத்து வேர் ஒன்று பாதையின் குறுக்கே ஓடுகிறது. அதில் ஏறி இறங்கியபோது அண்ணியின் பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் நடந்து வந்த எனக்கே அது முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. அண்ணி கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மெல்ல இறங்கி, மர நிழலில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

பெட்டியில் உட்கார்ந்தபடியே அண்ணி கேட்டார். "அரிசி மூட்ட வச்சுத்தானே அளந்தீங்க? எனக்கு எத்தன வச்சீங்க?"

அண்ணன் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை.

"அது நான் கல்யாணத்தப்போ இருந்த எடைங்க," என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். முதுகைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பழைய இரும்பு லோரியைக் கூப்பிடுவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. கடைசியில் அண்ணியே, "மூட்டைய எறக்கிட்டு ஆள வச்சு அளங்க," என்று முடித்துவிட்டார்.

மறு வாரம் போனபோது, அண்ணன் பழைய பிராக்கெட்டுகளை அறுத்து எடுத்திருந்தார். ஓரம் தேய்த்து, கை கிழிக்காதபடி வழவழவென்று செய்து, சாயமும் பூசியவை அவை. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "பிராக்கெட்டுக்கு என்ன ரோஷம்? தப்பா ஒட்டினா வெட்டு, அவ்ளோதான்," என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம் அலுவலகக் கூட்ட அறையில் மாட்டியிருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும்.

அன்று முழுவதும் அண்ணிதான் பாரம். புதிய பிராக்கெட்டைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடித்து, இருவரும் ஏறி உட்காருவார்கள். நான் குனிந்து தரைக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் படிப்பேன். இறங்குவார்கள், மாற்றிப் பிடிப்போம், மறுபடி ஏறுவார்கள். அண்ணி மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முறத்தின் எடையும் கணக்கில் வருமா என்று அண்ணன் கவலைப்பட்டார். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வேலியோரம் வந்து, எங்கே பயணம் என்று கேட்டார். "சமையக்கட்டுக்கு" என்று அண்ணி மலாயில் பதில் சொன்னார். வெல்டிங் வைக்கும் முன்பு அண்ணியை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டார் அண்ணன். ஒரு பொறிகூட அவர்மேல் படக்கூடாது.

இரண்டு பிராக்கெட்டுகளும் ஒரே உயரத்தில் அமையவில்லை. அண்ணி பக்கத்தது சற்றுக் கீழே இருந்தது. பின்னால் ஒருநாள், கார் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் கம்போங் மேடானிலிருந்து வந்து குனிந்து பார்த்து, கோணலாக இருக்கிறதே என்றார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரியா இருக்கோம்?" என்று கேட்டார் அண்ணன். நண்பர் நிமிர்ந்து காப்பியை எடுத்துக் குடித்தார்.

மறுபடி செமினி. அதே வேர். அண்ணன் அதன்மேல் ஏற்றும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி தூரத்தில் ரம்புத்தான் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அண்ணி, "இன்னொரு ரவுண்டு," என்றார். அதன்பிறகு ஞாயிறுதோறும் இருவருக்கும் தோட்டம்தான். அண்ணன் மெதுவாக ஓட்டுகிறார் என்று அண்ணி என்னிடம் புகார் சொல்லும் அளவுக்குப் போனது. அவ்வளவு நிறைவாக இருந்த ஒரு கணவன் மனைவியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி அழைத்தார். தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். வண்டி இப்போது அங்கேயே ஒரு கொட்டகையில் நிற்கிறது. அண்ணன் இடத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. என் பக்கம் தூக்கி நின்றது. நான் ஒல்லி, அண்ணனோ நல்ல கனம்.

"அண்ணி, என் பக்கத்து பிராக்கெட்ட வெட்டி மாத்தி ஒட்டினா சரியாயிரும். அடுத்த வாரம் ஆள் பாத்து செஞ்சுருவோம்," என்றேன்.

அண்ணி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பாதையைப் பார்த்தார். "வேணாம் தம்பி. அது அவரு ஒக்காந்து எடுத்த அளவு. நீங்க ஓட்டுங்க."

பாலன் அண்ணனை அறிந்த நண்பர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாய்வு. அவருக்கும் எனக்கும் எடையில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு சாய்வு. அதை நான் திருத்தப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பக்கம் லேசாகச் சரிந்தபடியே ஓட்டுகிறேன். வேரின்மேல் ஏறி இறங்கும்போது அண்ணிக்கு வலிப்பதில்லை.